12 கடல் மைலுக்கு அப்பால் மாநிலத்துக்கு என்ன வேலை?

- நமது நாடாளுமன்ற நிருபர்

வல்லார்பாடம்: எர்ணாகுளத்திலிருந்து கோஸ்ரீ பாலங்களைக் கடந்து வல்லார்பாடம் தீவுக்குள் நுழைவோரின் கண்ணில் இரண்டு கட்டுமானங்கள் படுகின்றன. ஒன்று, 2011 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்த சர்வதேசச் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சதப் பளுதூக்கிகள். மற்றொன்று, 1524-இல் போர்த்துகீசியர் காலத்தில் உருவான மாதா ஆலயம். ஆபத்தில் சிக்கியவர்களை மீட்பவள் வல்லார்பாடத்து அம்மை என்பது கடலோர மக்களின் நம்பிக்கை. கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்த நம்பிக்கை சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

முனையம் அமைந்துள்ள துறைமுகம் மத்திய அரசின் ஆளுகைக்கு உட்பட்டது. பெருந்துறைமுகங்கள் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆனால், முனையத்துக்குச் சாலையும் ரயில் பாதையும் அமைப்பதற்காக 2008-இல் மூலம்பிள்ளி உள்ளிட்ட பகுதிகளில் 316 குடும்பங்களை அப்புறப்படுத்தியது மாநில அரசு நிர்வாகம். மறுவாழ்வுத் திட்டத்தை அறிவித்ததும், அதற்காக இன்றுவரை ஏச்சு வாங்குவதும் மாநில அரசுதான். கரையில் வேலை மாநிலத்துக்கு, அதிகாரம் தில்லிக்கு என்ற இந்தப் பங்கீடு கடலுக்குள் போகப் போக எப்படி மாறுகிறது என்பதை ஒரு துப்பாக்கிச் சூடு நாட்டுக்கு உணர்த்தியது.

2012 பிப்ரவரி 15. கொல்லம் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் தொலைவில் 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகு சென்றுகொண்டிருந்தது. அவ்வழியே வந்த 'என்ரிக்கா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. சுக்கானைப் பிடித்திருந்த கொல்லம் மீனவரும், கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இளம் மீனவரும் உயிரிழந்தனர். படகின் உரிமையாளரும் குமரி மாவட்டத்தவரே. கடற்கொள்ளையர் என்று கருதிச் சுட்டதாகக் கப்பல் தரப்பு கூறியது. படகில் இருந்த 11 பேரிடமும் ஆயுதம் ஏதும் இல்லை.

சுட்டவர்கள் கூலிக் காவலர்கள் அல்லர். இத்தாலியக் கடற்படை வீரர்கள். வணிகக் கப்பல்களுக்கு ராணுவக் காவல் அளிக்க வகை செய்யும் சட்டத்தை இத்தாலி அதற்கு முந்தைய ஆண்டுதான் இயற்றியிருந்தது. அதன்படி ஆறு வீரர்கள் கப்பலில் இருந்தனர்.

கப்பல் கொச்சிக்கு வரவழைக்கப்பட்டது. நீண்டகரை கடலோரக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. பிப்ரவரி 19-ஆம் தேதி மாஸ்ஸிமிலியானோ லத்தோர்ரே, சால்வத்தோரே ஜிரோனே ஆகிய இரு வீரர்களையும் கேரள போலீஸார் கைது செய்தனர். கப்பலில் சோதனையிட்டுத் துப்பாக்கிகளைக் கைப்பற்றினர். மே 18-ஆம் தேதி குற்றப்பத்திரிகையும் தாக்கல் ஆகிவிட்டது. சம்பவம் நடந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. நமது நாட்டில் ஒரு சாதாரணக் கொலை வழக்கில்கூட இத்தனை வேகத்தைக் காண்பது அரிது.

வேகத்துக்கு அரசியல் காரணமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2012 மார்ச்சில் பிறவம் சட்டப் பேரவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல். மயிரிழைப் பெரும்பான்மையில் ஆட்சி நடத்திவந்த முதல்வர் உம்மன் சாண்டிக்கு அது வாழ்வா, சாவா என்ற போராட்டம். மீனவர் உயிருக்கு நியாயம் கேட்பதில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் போட்டி போட்டன.

தில்லியின் இரண்டு குரல்

மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி, மத்தியிலும் காங்கிரஸ் தலைமையிலான ஆட்சி. ஆகவே மோதல் எழ வாய்ப்பில்லை என்றுதான் தில்லியில் பலரும் நினைத்தனர். ஆனால், 2012 ஏப்ரல் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நடந்தது வேறு. சம்பவம் இந்தியக் கடல் எல்லையான 12 கடல் மைலுக்கு அப்பால் நடந்ததால் விசாரிக்கும் அதிகாரம் கேரள போலீஸாருக்கு இல்லை என்று மத்திய அரசின் சார்பில் ஆஜரான கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் ஹரின் ராவல் தெரிவித்தார். இத்தாலியின் வழக்கறிஞர் சொல்ல வேண்டியதை இந்திய அரசின் வழக்கறிஞர் சொல்லிவிட்டார் என்று திருவனந்தபுரம் கொந்தளித்தது. அது அரசின் நிலைப்பாடு அல்ல என்று மத்திய அரசு அவசர அவசரமாக மறுத்தது. கேரளத்தின் நடவடிக்கைக்கு ஆதரவு என்று பின்னர் விளக்கமளித்தது.

ராவல் கூறியது அரசியல்ரீதியாகத் தவறாக இருக்கலாம். சட்டப்படி அவர் கூறியதையே ஒன்பது மாதங்கள் கழித்து உச்ச நீதிமன்றமும் கூறியது. வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோரிய மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் 2012 மே 29-ஆம் தேதி நிராகரித்தது. ஆனால் 2013 ஜனவரி 18-ஆம் தேதி தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீர், நீதிபதி ஜே. செலமேஸ்வர் ஆகியோர் அடங்கிய அமர்வு, கேரள மாநிலத்துக்கு இவ்வழக்கில் அதிகாரம் இல்லை எனத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் உட்கருத்து இதுதான்: கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் இறையாண்மை முழுமையாகச் செல்லும். அதற்கு அப்பால் 24 கடல் மைல் வரை அடுத்துள்ள மண்டலம். 200 கடல் மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம். இந்த மண்டலங்களில் இந்தியாவுக்கு உள்ள உரிமைகள் 1976-ஆம் ஆண்டின் கடல் மண்டலங்கள் சட்டத்தின் வழியாகவும், சர்வதேசக் கடல் சட்ட உடன்படிக்கையின் வழியாகவும் வருபவை. அவற்றைச் செலுத்தும் தகுதி இறையாண்மை பெற்ற இந்திய அரசுக்கே உண்டு. கூட்டாட்சியின் ஓர் அங்கமான மாநிலத்துக்கு இல்லை. எனவே, தலைமை நீதிபதியைக் கலந்து மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும்.

சட்ட நூல்களைப் புரட்டினால் இதில் வியப்பதற்கு ஏதுமில்லை. காவல் துறை மாநிலப் பட்டியலில் இரண்டாவது இனம். மீன்வளம் அதே பட்டியலில் 21-ஆவது இனம். ஆனால், கடல் எல்லைக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் 57-ஆவது இனமாக இருக்கிறது. துப்பாக்கிகளும் வெடிபொருள்களும் மத்தியப் பட்டியலின் ஐந்தாவது இனம். மீனவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் மாநில அரசிடம் படகைப் பதிவு செய்கிறார், மாநில அரசின் மானிய டீசலை நிரப்புகிறார், மீன் எங்கே இருக்கிறதோ அங்கே போகிறார். 12-ஆவது மைலில் மாநிலம் அவரைவிட்டு இறங்கிக்கொள்கிறது.

வழக்கு தில்லிக்கு வந்த பிறகு

கேரளத்திடமிருந்து பறிக்கப்பட்ட வழக்கை தில்லி எப்படி நடத்தியது என்பதுதான் இந்த விவகாரத்தில் கசப்பான பகுதி. இத்தாலியத் தேர்தலில் வாக்களிப்பதற்காக இரு வீரர்களும் நாடு திரும்ப 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. தூதர் டேனியல் மன்சினி உறுதிமொழி அளித்திருந்தார். மார்ச் 11-ஆம் தேதி, வீரர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று ரோம் அறிவித்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அமளி. வாக்குறுதி மீறப்பட்டால் உறவில் விளைவுகள் ஏற்படும் என்று பிரதமர் மன்மோகன் சிங் அவையில் எச்சரித்தார். தூதர் நாட்டைவிட்டு வெளியேற உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மார்ச் 22-ஆம் தேதி வீரர்கள் திரும்பினர். அந்த ஒரு வாரம் தில்லி காட்டிய உறுதி அதன் பிறகு தென்படவில்லை.

விசாரணை தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. கப்பல் போக்குவரத்துப் பாதுகாப்புக்கு எதிரான சட்டவிரோதச் செயல்களைத் தடுக்கும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்துவதா என்ற கேள்வி ஓராண்டை விழுங்கியது. அச்சட்டத்தின்கீழ் கொலைக்கு மரண தண்டனை. மரண தண்டனை கோரமாட்டோம் என்று இத்தாலிக்கு ஏற்கெனவே உறுதியளித்தாகிவிட்டது. 2014 பிப்ரவரியில் அச்சட்டத்தைக் கைவிடுவதென அரசு முடிவெடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் லத்தோர்ரே உடல்நலக் குறைவு காரணமாக இத்தாலி சென்றார். 2015 ஜூனில் இத்தாலி சர்வதேச நடுவர் மன்றத்தை நாடியது. 2016 மே மாதம் ஜிரோனேயும் புறப்பட்டார். இருவரும் திரும்பவில்லை.

2020 மே 21-இல் அளிக்கப்பட்டு, ஜூலை 2-இல் வெளியான நடுவர் மன்றத் தீர்ப்பு, இந்தியப் படகின் கடற்பயண உரிமையை இத்தாலி மீறியது என்று கூறியது. உயிரிழப்புக்கும் சேதத்துக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆனால், அரசுப் பணியில் இருந்த வீரர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. கேரளத்தின் கையிலேயே வழக்கு இருந்திருந்தாலும் இந்தத் தடையில் முட்டியிருக்கக்கூடும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், கொல்லத்தில் சாட்சிகள் கூண்டில் ஏறியிருப்பார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் ஒரு நீதிமன்றத்தில் தங்கள் தரப்பைச் சொல்லியிருப்பார்கள். தில்லியில் அதுவும் நடக்கவில்லை.

தூத்துக்குடியில் ஒரு மறுபக்கம்

கேரளம் அதிகாரம் இழந்த அதே ஆண்டில் தமிழகம் மற்றொரு பாடம் படித்தது. 2013 அக்டோபர் 12-ஆம் தேதி தூத்துக்குடிக்கு அருகே 'சீமேன் கார்டு ஓஹையோ' என்ற கப்பல் பிடிபட்டது. அமெரிக்கத் தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானது, சியரா லியோன் கொடி தாங்கியது. அதில் இருந்தவர்கள் 35 பேர்: பிரிட்டன், எஸ்தோனியா, உக்ரைன் நாட்டவருடன் 12 இந்தியர்களும் அடக்கம். 35 தாக்குதல் ரகத் துப்பாக்கிகளும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டன. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் காவலர்கள் நாங்கள் என்பது அவர்கள் வாதம்.

இங்கே மாநிலத்தின் 'கியூ' பிரிவு போலீஸார் கையில் எடுத்தது மத்தியச் சட்டத்தை, அதாவது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை. கப்பல் 12 கடல் மைலுக்குள் வந்திருந்தது என்பதுதான் அவர்களது பிடிமானம். 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுதச் சட்ட வழக்கை ரத்து செய்தது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2016 ஜனவரி 11-ஆம் தேதி தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டு கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. யாரையும் சுடாத வெளிநாட்டவர் தமிழகச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் வாடினர். இரண்டு பேரைச் சுட்டவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தனர். இரண்டு வழக்குகளுக்கும் உள்ள வேறுபாடு கடல் மைல் கணக்கு மட்டுமல்ல. ஒன்றில் துப்பாக்கிக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் இருந்தது. மற்றதில் ஒரு தனியார் நிறுவனம்.

துப்பாக்கிக்குப் பின்னால் இருப்பது நம் அரசாங்கமே என்றால்? 2022 அக்டோபர் 21-ஆம் தேதி பாக் நீரிணையில் இந்தியக் கடற்படையினர் சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் படுகாயமடைந்தார். நிற்குமாறு எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று கடற்படை விளக்கமளித்தது. வேதாரண்யம் கடலோரக் காவல் குழும போலீஸார் கடற்படையினர் மீது கொலை முயற்சி வழக்கு பதிவு செய்தனர். முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மத்தியப் படையின் துப்பாக்கிக்கு எதிராக மாநிலக் காவல் நிலையத்தின் பேனா எழுதிய அரிய தருணம் அது. இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிகளுக்கு எதிராக அந்தப் பேனா முன்பே பல முறை எழுதியிருக்கிறது. வழக்கு எண்கள் கூடினவே தவிர, ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

அமெரிக்காவும் காட்டுப்பன்றியும்

மாநில உரிமையும் துப்பாக்கியும் என்றால் உலகம் முதலில் அமெரிக்காவைத்தான் நினைக்கும். அங்கே கூட்டாட்சி அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை எதிர்ப்பதே மாநில உரிமை என்று பேசும் பெரும் கூட்டம் உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தைச் செயல்படுத்தும் உள்ளூர்க் காவல் துறைக்கு 50 ஆயிரம் டாலர் வரை அபராதம் விதிக்கும் சட்டத்தையே மிசௌரி மாநிலம் 2021-இல் இயற்றியது. கூட்டாட்சி நீதிமன்றம் 2023-இல் அதைச் செல்லாததாக்கியது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனினும், கூட்டாட்சி அரசு தனது சட்டத்தை நிறைவேற்றும்படி உள்ளூர் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற 1997-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அங்கே இன்றும் நிற்கிறது.

நமது சாசனம் நேர்மாறானது. மத்தியச் சட்டங்களுக்கு இணங்க மாநிலம் தனது அதிகாரத்தைச் செலுத்த வேண்டும் என்கிறது 256-ஆவது பிரிவு. துப்பாக்கிச் சட்டம் தில்லியுடையது. உரிமத்தில் கையெழுத்திடுபவர் மாவட்ட ஆட்சியர். ஆயினும் எதிர்ப்பே எழுவதில்லை எனக் கூற முடியாது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம் என்பதை ஒன்றாகக் குறைக்க 2019-இல் உள்துறை அமைச்சகம் முனைந்தபோது, எல்லை மாநிலமான பஞ்சாபின் முதல்வர் அமரீந்தர் சிங் கூடாது என்று கடிதம் எழுதினார். டிசம்பரில் மசோதா நிறைவேறியபோது எண்ணிக்கை இரண்டாகியிருந்தது. குடகு மக்களுக்கோ உரிமம் பெறுவதிலிருந்தே ஆங்கிலேயர் காலம் முதல் விலக்கு. அதை 2029 வரை மத்திய அரசு நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. கேட்டால் கிடைக்கும், ஆனால் தில்லியிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்டுக் கேட்டுச் சலித்த மாநிலம் கேரளம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைத் தீங்குயிரியாக அறிவிக்கும் அதிகாரம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசிடம் இருக்கிறது. பல முறை கோரியும் தில்லி இணங்கவில்லை. உரிமம் பெற்ற துப்பாக்கிதாரர்களைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கேரளம் அளித்தது. 2025 அக்டோபரில் மத்தியச் சட்டத்துக்கே திருத்தம் கொண்டுவரும் மசோதாவைச் சட்டப் பேரவையில் நிறைவேற்றியது. வனவிலங்குப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில் இருப்பதால் இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் 254-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தால்தான் அத்தகைய சட்டம் மத்தியச் சட்டத்தை மீறி மாநிலத்துக்குள் செல்லும். குடியரசுத் தலைவர் என்றால் மத்திய அமைச்சரவையின் ஆலோசனை என்று பொருள். மனு எங்கே நிராகரிக்கப்பட்டதோ, மசோதாவும் அங்கேயே போய் நிற்க வேண்டும். வன உயிர் ஆர்வலர்களின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மாநிலங்கள் ஒவ்வொன்றும் தத்தம் பட்டியலைத் திருத்தத் தொடங்கினால் தேசியச் சட்டம் காகிதமாகிவிடும் என்பது அவர்கள் வாதம். வயநாட்டு விவசாயிக்கு அந்த வாதம் இரவில் துணைக்கு வருவதில்லை.

கடல் விஷயத்திலோ பொதுப் பட்டியல் என்ற அந்தச் சிறு வாசலும் இல்லை. 2012 ஏப்ரலில், இத்தாலிய வழக்கு கொழுந்துவிட்டெரிந்த நாள்களில், மக்களவையில் அறிமுகமான கடற்கொள்ளைத் தடுப்பு மசோதா அவையின் ஆயுளோடு காலாவதியானது. 2019-இல் புதிதாகக் கொண்டுவரப்பட்ட மசோதா 2022 டிசம்பரில்தான் நிறைவேறியது. அதிலும் தனி நீதிமன்றத்தை அறிவிக்கும் அதிகாரம், சம்பந்தப்பட்ட உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியுடன் கலந்து மத்திய அரசுக்கே உரியது. கலந்தாலோசிக்கப்பட வேண்டியவர்களில் மாநில அரசு இல்லை.

குமரி மாவட்டத்து மீனவர்கள் இன்றும் கொல்லத்திலும் கொச்சியிலும் தங்கித் தொழில் செய்கின்றனர். இறந்தவர்களில் ஒருவர் தமிழகத்தவர். ஆயினும் தில்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் ரோமுக்கும் இடையிலான இந்த வழக்கில் சென்னையின் குரல் ஓங்கிக் கேட்கவே இல்லை. 2012-இலேயே இரு குடும்பங்களுக்கும் தலா ஒரு கோடி ரூபாய் கொடுத்து இத்தாலி சமரசம் செய்துகொண்டது. இந்தியச் சட்ட அமைப்பையே கேலிக்குரியதாக்கும் ஏற்பாடு என்ற தொனியில் அதற்கு உச்ச நீதிமன்றம் அப்போது கடும் அதிருப்தி தெரிவித்தது.

அதே உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 15-ஆம் தேதி, இத்தாலி செலுத்திய கூடுதல் இழப்பீடு 10 கோடி ரூபாயை ஏற்றது. இரு குடும்பங்களுக்கும் தலா நான்கு கோடி, படகு உரிமையாளருக்கு இரண்டு கோடி. தொகையைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு கேரள உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நீண்டகரை கடலோரக் காவல் நிலையத்தின் 2012-ஆம் ஆண்டு இரண்டாம் எண் முதல் தகவல் அறிக்கை, விசாரணை தொடங்காமலே அன்று ரத்து செய்யப்பட்டது.